துணி கைக்கு வந்த பிறகுதான் டிசைன்

"எனக்கு டிராயிங் நல்லா வரும்க்கா, ஃபேஷன் டிசைனிங் சேரலாமா?" பிளஸ் டூ முடித்த தங்கைகள் வருஷா வருஷம் இதே கேள்வியோடு வருகிறார்கள். நான் பதிலுக்கு, "தையல் மெஷின் பாபினில் நூல் சுற்றத் தெரியுமா?" என்று கேட்பேன். தெரியாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஒரு மத்தியானத்தில் பழகிவிடும். ஆனால் இந்தப் படிப்பில் பென்சிலைவிட பாபின்தான் அதிக நேரம் கையில் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

நான் படித்தது கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில், பி.எஸ்ஸி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன். எல்லோரும் சி.டி.எஃப். என்பார்கள். பாடத்திட்டத்தைப் பார்த்தால் முதலில் ஸ்கெட்ச், பிறகு பாட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித வடிவம்), பிறகு துணி, பிறகு தையல் என்றுதான் வரிசை இருக்கும். கற்றுக்கொண்ட விதத்தைத் திரும்பிப் பார்த்தால் எனக்கு அந்த வரிசை தலைகீழாகத்தான் தெரிகிறது. துணியின் குணம் கைக்குப் பிடிபட்ட பிறகு வரைந்த படங்கள்தான் உடையாக மாறின. அதற்கு முன்னால் வரைந்தவை பார்க்க அழகாக இருந்தன, அவ்வளவுதான்.

முதல் செமஸ்டரில் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் கொடுத்த வேலை காகிதம் தைப்பது. ஊசியில் நூல் கிடையாது. தாளில் முதலில் நேர்கோடு, அப்புறம் சதுரச் சுருள், அப்புறம் வட்டச் சுருள் போட்டிருக்கும். ஊசி அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். மூலை வந்தால் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி ஃபுட்டை இறக்கி மிதிக்க வேண்டும். முடித்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், கால் அவசரப்பட்ட இடமெல்லாம் ஓட்டைகள் கோட்டைவிட்டு விலகி நிற்கும். வகுப்பில் பாதிப் பேருக்கு இது எல்.கே.ஜி. வேலையாகத் தெரிந்தது. பின்னால் காலர் முனை திருப்பும்போதும், பாக்கெட் மூலை அடிக்கும்போதும் கால் தானாக நின்றதற்குக் காரணம் இந்தக் காகிதம்தான். மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதல் வாரம் துணியைத் தொடாதீர்கள். தைத்த ஊசியை மட்டும் பிறகு மாற்றிவிடுங்கள், காகிதம் ஊசிமுனையை மழுக்கிவிடும்.

அடுத்தது ரெக்கார்ட். டார்ட் (உடம்பின் வளைவுக்காகக் கூம்பாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு), டக், பிளீட், சுருக்கு, பிளாக்கெட், பாக்கெட், காலர், கை என்று ஒவ்வொன்றையும் சிறு துண்டாகத் தைத்து அட்டையில் ஒட்டி வைக்க வேண்டும். இதைக் காசு கொடுத்து வெளியே தைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மார்க் வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் வருஷம் சொந்தமாக ஒரு உடை செய்யும்போது எடுத்துப் புரட்டுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு சாம்பிளின் பின்பக்கமும் நான் நான்கு விஷயங்களை எழுதி வைத்தேன்: என்ன துணி, ஊசி எத்தனை நம்பர், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல், எந்த இடத்தில் துணி மக்கர் பண்ணியது. மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16 என்று புத்தகத்திலும் இருக்கிறதுதான். ஆனால் ஜார்ஜெட்டில் 14 போட்டால் இழை எப்படிச் சுண்டி இழுத்துக்கொள்ளும் என்பதை நம் கையால் தைத்த துண்டு காட்டுவதுபோல் எந்தப் புத்தகமும் காட்டாது.

டெக்ஸ்டைல் லேபில் எல்லோருக்கும் பிடித்தது துணியை எரித்துப் பார்க்கும் சோதனை. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், மிச்சத்தை விரலில் நசுக்கினால் பொடியும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, நசுக்க முடியாத கெட்டி உருண்டையாக நிற்கும். கோவை ஒப்பணக்கார வீதியில் "பியூர் காட்டன்ங்க, சுத்தமான காட்டன்" என்று விரித்துப் போடும் துணியில் ஓரத்திலிருந்து நாலு இழை உருவிப் பர்ஸில் போட்டு வருவது அதன் பிறகு எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எரிப்பது வீட்டுக்கு வந்து, சிங்க்கின் மேல், இடுக்கியில் பிடித்து. கடையில் தீப்பெட்டியை எடுத்தால் மரியாதை மிஞ்சாது.

அந்த வீதியில் நடப்பதையே ஆராய்ச்சி என்று நினைக்கிறேன். பின்ட்ரெஸ்டில் இருபது படம் இறக்கி அட்டையில் ஒட்டி மூட் போர்டு என்று கொண்டுபோனால், அதே படங்கள் பக்கத்து பெஞ்சிலும் ஒட்டியிருக்கும். துணிக்கடையில் தொட்டுப் பார்த்த துண்டு, அதன் அகலம், விலை, கையில் கசக்கி விட்டால் மடிப்பு நிற்கிறதா என்ற குறிப்பு ஆகியவற்றை ஒட்டிய பக்கங்கள்தான் எனக்குக் கடைசி வருஷம் வரை உதவின.

இப்போது பாட்டர்ன். இங்கேதான் நிறையப் பேர் மிரள்கிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உடம்பு அளவுகளை வைத்து பிரவுன் ஷீட்டில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று அடிப்படை பிளாக் வரைய வைப்பார்கள். அதில் இடுப்பில் இருக்கும் டார்ட்டை மூடி, தோளிலோ கழுத்திலோ அக்குளிலோ திறக்கலாம். டார்ட் எங்கே போனாலும் அதன் முனை மார்பின் உச்சியை நோக்கித்தான் இருக்கும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கடையில் தொங்கும் பாதிச் சுடிதார்களின் வெட்டு கண்ணுக்குத் தெரிந்துவிடும். யோக் (தோள்பட்டைத் துண்டு), பிரின்சஸ் லைன் (மார்பு வழியாக இறங்கும் நெடுந்தையல்), கழுத்துச் சுருக்கு எல்லாமே அந்த டார்ட் போட்டுக்கொண்ட வேஷங்கள்.

காகிதத்தில் எல்லாம் சரியாக வந்த பிறகு காடாத் துணியில் வெட்டி, பெரிய தையல் போட்டு, ஆள் மேல் மாட்டிப் பார்ப்போம். காடா மலிவு, சாயம் போடாதது, பென்சில் கோடு பளிச்சென்று விழும். ஈரோடு கனி மார்க்கெட் பக்கம் யாராவது போனால் மொத்தமாகச் சொல்லி வாங்கிக்கொள்வோம். மாட்டிய பிறகு பார்க்க வேண்டியது மடிப்புகளை. குறுக்கே கோடு கோடாக இழுத்தால் அங்கே துணி பற்றவில்லை. நெடுக்கே தொங்கினால் அங்கே மிச்சம் இருக்கிறது. சாய்வாக ஓடினால், அந்தக் கோடு எந்தப் புள்ளியைக் காட்டுகிறதோ அங்கே கோளாறு. டம்மியில் (தையல் பொம்மையில்) கச்சிதமாக நிற்பதை நம்பக் கூடாது. டம்மி கையைத் தூக்காது, ஸ்கூட்டி ஓட்டாது, தரையில் உட்கார்ந்து சாப்பிடாது. காடாவைத் தோழி மேல் மாட்டி உட்கார வைத்து, கையை மேலே தூக்கச் சொல்லி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஃபிட்டிங் திருத்தம் சிவப்பு, அடுத்தது நீலம் என்று நிறம் மாற்றிக் குறித்து, அன்றைக்கே காகிதத்துக்கும் ஏற்றிவிட வேண்டும். மறுநாளைக்கென்று வைத்தால் எந்தக் கோடு எதற்கென்று தெரியாது.

எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருத்தர் இருக்கிறார். பிரவுன் ஷீட், பிரெஞ்சு கர்வ் (வளைவு வரையும் ஸ்கேல்) எதுவும் கிடையாது. அளவு பிளவுஸை நாலாக மடித்துத் துணி மேல் வைத்து, சாக்பீஸால் நாலு கோடு, கத்திரி ஓட ஆரம்பித்துவிடும். நான் வரைந்த பிளாக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மிணி. உம்பட பேப்பரு மூச்சு விடாது, போட்டுக்கறவ விடுவாளே" என்றார். ஈஸ் அலவன்ஸ் (உடம்பு அசைய அளவுக்கு மேல் விடும் தளர்வு) என்று வகுப்பில் நடத்திய பாடம் எனக்கு அந்தக் கடை வாசலில்தான் உறைத்தது. அவரிடம் பழகிய இன்னொன்று, பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விடுவது. "நாளைக்குப் பிரிச்சு விடறதுக்கு வேணுமல்ல?" ஏற்றுமதி பீஸில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சாம்பிள் தைக்கும் மாணவிக்கு இதைவிட நல்ல காப்பீடு கிடையாது.

கிராஸ் கட் பிளவுஸ் ஏன் உடம்போடு அமர்கிறது என்பதும் அவர் கடையில்தான் புரிந்தது. நெய்த துணியைப் பாவு வாக்கில் (நீளவாக்கில்) இழுத்தால் அசையாது, ஊடை வாக்கில் (அகலவாக்கில்) இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், 45 டிகிரி சாய்வில் இழுத்தால் நெளிந்து கொடுக்கும். அந்த நெளிவைத்தான் கிராஸ் வெட்டு பயன்படுத்திக்கொள்கிறது. 1920-களில் பாரிஸில் மாட்லேன் வியோனே என்ற டிசைனர் முழுக் கவுனையே இந்தச் சாய்வில் வெட்டிப் பெயர் வாங்கினார். அவர் காகிதத்தில் தொடங்கவில்லை, பாதி அளவு மரப் பொம்மையின் மேல் துணியைப் போட்டுப் பார்த்து உருவம் கண்டுபிடித்தார். எங்களுக்கும் இதில் பெரிய லாபம் இருந்தது. பாதி அளவில் செய்தால் நீளமும் பாதி, அகலமும் பாதி, ஆகவே துணி கால்பங்குதான் ஆகும். கையில் காசில்லாத மாணவர்கள் நாலைந்து யோசனைகளைப் பாதி அளவில் செய்து பார்த்துவிட்டு, ஒன்றை மட்டும் முழு அளவுக்குக் கொண்டுபோகலாம்.

சாய்வில் வெட்டியதை உடனே மடித்துத் தைக்காதீர்கள். ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கவிட்டால் தானாகக் கீழே இறங்கும். காலையில் ஓரத்தைச் சமமாக வெட்டிவிட்டு மடித்து அடித்தால் பிறகு வால் தொங்காது.

பிறகு திருப்பூர். இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் போட்டார்கள். கல்லூரியில் மீட்டரில் துணி வாங்கியவர்களுக்கு இங்கே எல்லாமே கிலோ கணக்கு. வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் வைத்து, வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி என்று அங்கிருந்த மாஸ்டர் தன் நோட்டு ஓரத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது: உடல் நீளம் 72 செ.மீ., கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 8, மொத்தம் 102. மார்பு அகலம் 52, தையலுக்கு 4, மொத்தம் 56. 102-ஐ 56-ஆல் பெருக்கி, முன்னும் பின்னுமாக 2-ஆல் பெருக்கினால் 11,424 சதுர செ.மீ. துணி 180 ஜி.எஸ்.எம். என்றால் 206 கிராம் வரும். அதையே 160-க்கு இறக்கினால் 183 கிராம். "அந்த 23 கிராமுல பீஸுக்கு என்ன போச்சு, ஆர்டருக்கு என்ன போச்சுன்னு பாத்துட்டு அப்பறம் டிசைன் போடுங்க கண்ணு" என்றார். கட்டிங் வேஸ்ட் இந்தக் கணக்கில் சேரவில்லை, அது தனி.

நான் வரைந்து கொண்டுபோன ஒரு டி-ஷர்ட்டில் பக்கவாட்டில் சாய்வாக ஒரு பேனல் (தனியாக வெட்டி இணைக்கும் துண்டு) இருந்தது. மாஸ்டர் அதை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் இணைக்கும் தையல்) எத்தனை தடவை கூடுகிறது, பேனலைச் சேர்த்த பிறகு ஃப்ளாட்லாக் (தட்டையாகப் படியும் தையல்) வேண்டுமா, கைமடி ஆள் (டெய்லருக்கு உதவுகிறவர்) எத்தனை பேர், பிசிறு வெட்ட எவ்வளவு நேரம் என்று வரிசையாகக் கேட்டார். நாலாவது கேள்வியிலேயே பேனல் நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே சாய்வுக் கோட்டைப் பிரிண்டில் கொண்டுவரலாம் என்று முடிவானது. இதை சமரசம் என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டியது அந்தக் கோடு, அது தையலாகத்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அங்கே தினமும் பார்த்த இன்னொரு சங்கதி சுருக்கம். துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளப்பார்கள். 50 என்பது 48 ஆகியிருந்தால் 4 சதவீதம். முடிந்த உடையில் நீளம் 72 வேண்டுமென்றால் 72-ஐ 0.96-ஆல் வகுத்து, 75-க்கு வெட்ட வேண்டும். நீளவாக்குக்கும் அகலவாக்குக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பின்னலாடையில் இரண்டும் ஒரேபோல் சுருங்குவது அபூர்வம். சிங்கிள் ஜெர்சியில் (டி-ஷர்ட் பின்னல் துணியில்) துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும். வீட்டில் தைப்பவர்கள் இவ்வளவு செய்ய வேண்டாம், பருத்தித் துணி வாங்கினால் வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் போதும்.

கடைசி வருஷ புராஜெக்டுக்கு நான் எடுத்தது பவானி ஜமக்காளம். கல்யாண மண்டபத்தில் பந்திக்கும் கச்சேரிக்கும் விரிக்கிற அதே பட்டை போட்ட ஜமக்காளம்தான். பவானியும் காவிரியும் கூடும் ஊரில் குழித்தறியில் (குழிக்குள் கால் வைத்து நெய்யும் கைத்தறியில்) நெய்வது. 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய மலிவுச் சரக்கு பவானிப் பெயரில் போகிறது என்று தறிக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். நெய்த பெரியவர் துணியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். ஊடை நூலை நெருக்கி நெருக்கி அடித்ததில் பாவு இழையே வெளியில் தெரியவில்லை. நிறம் முழுக்க ஊடையில்தான். "இத வெச்சு சட்டை தைக்கப் போறியா? போட்டுட்டு நடப்பாங்களா சாமி?" என்று சிரித்தார்.

கேள்வி நியாயமானது. நான் வரைந்து வைத்திருந்த ஜாக்கெட்டில் இரண்டு டார்ட், வளைந்த காலர், மேலே உப்பிய கை இருந்தன. துண்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டதும் அந்த ஸ்கெட்ச் மூடப்பட்டது. ஜமக்காளத்தில் டார்ட் போட்டால் மடிப்புகள் சேர்ந்து விரல் தடிமனுக்குக் கட்டி நிற்கும். கையின் தலைப்பகுதியில் கொஞ்சம் அதிகத் துணியைச் சுருக்கி நுழைப்பார்களே, அதற்கு இது வளையவே வளையாது. வெட்டிய ஓரம் தொட்டாலே பிரிந்து ஊடை இழை கொட்டும். அப்படியென்றால் வளைவே இல்லாமல், சதுரமும் செவ்வகமுமாக வெட்ட வேண்டும். இப்படி வெட்டி அணிந்த உடை நம்மிடமே இருந்தது. பழைய ஜிப்பாவை விரித்துப் பாருங்கள்: உடலுக்கு நீளத் துண்டு, கைக்கு நேர்த் துண்டு, அக்குளில் ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரம்தான் கையைத் தூக்க இடம் கொடுக்கிறது. துணியும் வீணாகாது. என் ஜாக்கெட்டின் உருவம் அங்கிருந்து வந்தது.

வெட்டுவதற்கு முன் ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு பட்டையையும் தேய்த்துப் பார்த்தேன். சிவப்பு ஒட்டியது. அதனால் சிவப்பின் பக்கத்தில் வெளிர் நிறத் துணி எதையும் வைக்கவில்லை. நான் வாங்கிய துண்டில் பட்டைகள் அகலவாக்கில் ஓடின. முதுகில் அவை நெடுக்காக நிற்க வேண்டும் என்று துணியைத் திருப்பி வைத்து வெட்டினேன். அப்படி வைத்ததில் துணியின் கரை அப்படியே ஜாக்கெட்டின் கீழ் ஓரமாக அமைந்தது, அங்கே மடிக்க வேண்டிய வேலையே இல்லை. வெட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் தையல் ஓட்டிவிட்டு, நடுவில் கத்திரி போட்டேன். ஊசி 18-ஆம் நம்பர், அங்குலத்துக்கு 7 தையல். இணைப்புகளை விரித்து, இரண்டு ஓரத்துக்கும் மெல்லிய காடாவைச் சாய்வில் வெட்டி பைப்பிங் கொடுத்தேன். முழுக்க ஜமக்காளம் போட்டால் கனம் தோளை இழுக்கும் என்பதால், முன்பக்கமும் கையும் கனத்த கதர். முதுகும் பாக்கெட்டும் மட்டும் ஜமக்காளம். அயர்ன் பண்ணும்போது மேலே ஈரத்துணி போட்டு அழுத்தி, சூடு ஆறுமுன் ஒரு மரக்கட்டையை வைத்து அமுக்கினால்தான் தையல் படிந்தது.

புராஜெக்டை மதிப்பிடும் ஜூரியில் படத்தை யாரும் அதிகம் கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு டிசைனர் ஜாக்கெட்டை உட்புறமாகத் திருப்பி, பைப்பிங்கில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "துவைப்பது எப்படி?" "கோயமுத்தூர் வெயிலில் யார் போடுவார்கள்?" "நெசவாளருக்கு எவ்வளவு போகிறது?" மூன்று கேள்விகள். முதலாவதற்குத் தேய்த்துப் பார்த்த வெள்ளைத் துண்டை எடுத்துக் காட்டி, தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் என்றேன். இரண்டாவதற்கு ஊட்டி, கொடைக்கானல், அப்புறம் டிசம்பர் மாத பெங்களூரு என்றேன், சிரித்துவிட்டார்கள். மூன்றாவதற்கு ஜமக்காளம் வாங்கிய பில், துணிக் கணக்கு, தையல் நேரம் எல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளைத்தான் அவர்கள் அதிக நேரம் கையில் வைத்திருந்தார்கள்.

போர்ட்ஃபோலியோ செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஒரு டிசைனுக்கு ஆறு பக்கம் ஒதுக்கினால் முடிந்த உடையின் படத்துக்கு ஒரு பக்கம் போதும். மிச்சத்தில் துணித் துண்டு, சோதனை, காடா ஃபிட்டிங் போட்டோ, நிறம் நிறமாகத் திருத்திய பாட்டர்ன், தையலின் உட்புறம், விலைக் கணக்கு வரட்டும். வேலைக்குப் போன இடங்களில் என் ஃபைலைப் புரட்டியவர்கள் நின்றதெல்லாம் இந்தப் பக்கங்களில்தான்.

சேரப் போகிறவர்கள் என்ன வாங்க வேண்டும் என்று கேட்பதால்: துணிக்கு ஒரு கத்திரி, காகிதத்துக்கு வேறு ஒன்று, இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டு பக்கமும் எண் போட்ட இன்ச் டேப். தையல் பிரிக்கும் ரிப்பர் இரண்டு, ஒன்று கட்டாயம் தொலையும். குண்டூசி, சாக்பீஸ், பத்து மீட்டர் காடா. விலை உயர்ந்த கலர் மார்க்கர் செட்டை முதல் வருஷம் வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னும் காடா வாங்கிக்கொள்ளுங்கள்.